ஒரு டிக்

கொம்தார் மூன்றாம் மாடியில்
ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு
குனிந்து உள்ளே வந்தார் ஊய்.
ஜெலுத்தோங்கில் டயர் கடை வைத்திருப்பவர்.
மழைக்கோட்டைக் கணினிக்குப் போட்டிருந்தார்,
அவர் முழுக்க நனைந்திருந்தார்.

பதினான்கு வருஷக் கணக்கு போச்சு என்றார் மலாயில்.
பிறகு ஹொக்கியெனில்.
பிறகு சத்தமில்லாமல்.

போன மாதம் நான்தான் அதற்கு எஸ்.எஸ்.டி. மாற்றினேன்.
பயாஸில் பழைய ஐ.டி.இ. அப்படியே கிடக்கட்டும்,
ஓடுகிறதை ஏன் தொடுவானேன் என்று விட்டிருந்தேன்.
யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்,
ஏ.எச்.சி.ஐ. ஆக்கு, பறக்கும் என்று.
ஆக்கினார்.
நீலத்திரை வந்தது,
அதில் நிறுத்தற்குறிகளால் ஒரு சோக முகம்.

மின்சாரம் கொடுத்து டெலீட் பொத்தானைத் தட்டினேன்,
ஆலோங்கின் ஆள் கதவைத் தட்டுவது போல,
விடாமல், திறக்கும்வரை.
பழையதற்கே திருப்பினேன். எஃப் பத்து. ஆம்.

எல்லாம் இருந்தது.
சீனப் புத்தாண்டுக்கு முன் எடுத்த சரக்கு,
லாரிக்காரர் சின்னமுத்து இன்னும் தராத
எண்ணூற்று நாற்பது வெள்ளி,
எல்லாம்.

எதுவும் அழியலை தவுக்கே என்றேன்.
வாசலில் பேச்சு மாறிவிட்டது,
அந்தப் பேச்சு தெரிந்தவன் உள்ளே தூங்குகிறான்.
முதலில் அவனை எழுப்பணும்,
அப்புறம்தான் மாற்றணும்.
அவர் கோப்பி வாங்கப் போனார். எனக்கும் சேர்த்து.

ஐ.டி.இ. ஒரு கேள்வி கேட்கும்,
பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்.
மற்றது முப்பத்திரண்டு கேள்விகளை வரிசையில் போட்டுவிட்டு
உனக்கு எது வசதியோ அதை முதலில் முடி என்று விட்டுவிடும்.

என் மகன் கவினேஷ் பதினைந்து வயதில்
திடீரென்று இரண்டாவதாகிவிட்டான்.
சாப்பிட்டியா, சாவி எங்கே, பரீட்சை முடிவு வந்ததா
என்று சமையலறையிலிருந்து கேட்பேன்.
வீடு நீலமாக நிற்கும்.
பக்கத்து அறையிலிருந்து கைப்பேசியில் வரும் பதில்,
கடைசிக் கேள்விக்கு முதலில்,
முதல் கேள்விக்கு மறுநாள்.

மெனுவில் மூன்றாவதாக ரெய்டும் இருந்தது.
ஒன்று விழுந்தால் இன்னொன்று தாங்கும்.
அதற்கு இரண்டு வேண்டும்.
கீழ் அம்புக்குறியை நான் அதுவரை அழுத்தவில்லை.

பாதுகாப்பான தொடக்கத்துக்கு ஒரு டிக் போட்டு
மறுபடி கிளப்பி, மறுபடி கதவைத் தட்டி,
இந்த முறை ஏ.எச்.சி.ஐ.
கறுப்புத் திரை, பெரிய பெரிய எழுத்து.
தூங்கினவன் எழுந்துவிட்டான்.
இனி அந்த டிக்கை எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

கைப்பேசி அதிர்ந்தது.
சாவி உன் பையில்தான் இருக்கு மா.
காலையில் கேட்டது.
இரவு ஒன்பது நாற்பதுக்குச் சிரித்துக்கொண்டே
கணினியை அணைத்து மழைக்கோட்டைப் போர்த்திக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊய் அழைத்தார்.
நாலு மூலையிலும் என்னமோ எழுதியிருக்கு,
எழுத்தெல்லாம் யானை மாதிரி,
பிரிண்டர் என்னைத் தெரியாது என்கிறது லா.

டிக்.

போனிலேயே சொல்லியிருக்கலாம்.
நெற்றியில் அடித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.
வருகிறாயா என்று யாரிடமும் கேட்கவில்லை.
மோட்டாரை உதைத்தேன், இரண்டாவது உதையில் பிடித்தது.
பின்னால் எடை கூடியது.

ஹெல்மெட்? என்று மட்டும் கேட்டேன்.
பதில் வரும்வரை கியர் போடவில்லை.